கால் ஒடிஞ்ச மாடு கறிக்கடைக்குத்தானா? கம்பிக்கட்டு கேட்போம்!

 

நம்ம ஆலங்குளம் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறோம். அந்தக் கூலியும் நின்றால் அடுப்பை எரிய வைப்பது ஒரு பால்மாடும் நாலு வெள்ளாடும்தான். நமக்கு பேங்க் அதுதான்.

அந்த மாட்டை லாரி இடித்துவிட்டால்? பள்ளத்தில் கால் மாட்டி ஒடிந்துவிட்டால்? மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்பவர் டாக்டர் இல்லை, அடிமாட்டு வியாபாரி. "கால் போச்சு, இனி என்னத்துக்கு ஆகும்?" என்று கறி விலைக்குக் கேட்கிறார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைக் கொடுத்துவிடுகிறோம். இது விதி இல்லை. வைத்தியம் இருக்கிறது, நம் கைக்கு எட்டவில்லை. அவ்வளவுதான்.

ரோட்டில் அடிபட்டவர்கள் காலைச் சுற்றி வெளியே கம்பிக்கூண்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். ஒடிந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் தோல் வழியாக எலும்பில் கம்பி ஏற்றி, அந்தக் கம்பிகளை வெளியே சட்டத்தாலோ வளையத்தாலோ இறுக்கிவிடுவார்கள். 'எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர்' என்று டாக்டர்கள் சொல்லும் இதே கம்பிக்கட்டை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடலாம்.

மாவுக்கட்டு போதாதா என்று கேட்கலாம். எலும்பு ஒடிந்தும் தோல் கிழியாமல் இருந்தால், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், கட்டுக்குள்ளேயே புண் அழுகிப் புழு வைத்துவிடும். கம்பிக்கட்டில் புண் திறந்தே இருக்கும். தினமும் கழுவலாம், மருந்து போடலாம். மூட்டை மடக்கலாம், மாடு காலை ஊன்றி நிற்கலாம்.

"மாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்கும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்கிறோம். 1930களில் அமெரிக்காவில் ஸ்டேடர் என்ற கால்நடை டாக்டர் நாய்களுக்காகச் செய்த கம்பிக்கட்டைத்தான் இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டுக் கடற்படை தன் வீரர்களுக்குப் போட்டது. மிருக வைத்தியம் மனுசனைக் காப்பாற்றியிருக்கிறது! 1950களில் சைபீரியாவில் டாக்டர் இலிசரோவ் வளையக் கம்பிக்கட்டைக் கொண்டுவந்தார். உத்தரப்பிரதேசம் இஸ்ஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அந்த முறையை நம்ம நாட்டு மாடுகளின் எடைக்கு ஏற்றபடி செய்து காட்டியிருக்கிறது. அந்த நிலையம் நடப்பது நம் வரிப்பணத்தில்.

எல்லா முறிவுக்கும் இது சரிவராது என்பதையும் மறைக்கவில்லை. தொடையிலும் தோளிலும் சதை அதிகம், அங்கே கஷ்டம். கனத்த மாட்டைவிட கன்று, கிடாரி, ஆடு இவற்றுக்குப் பலன் அதிகம். கம்பி ஏற்றிய இடத்தில் சீழ் பிடிக்காமல் தினமும் துடைக்க வேண்டும். கன்றுக்கே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அந்தப் பாடு படத் தயாராக இருக்கும் விவசாயிக்கு வழியைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நமக்குப் பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-ல் தொடங்கிய திருநெல்வேலி ராமையன்பட்டி கல்லூரி. மாவட்டம் தாண்டிப் போக வேண்டும். ஒடிந்த காலோடு மாட்டை வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனால் மூடியிருந்த முறிவும் தோலைக் கிழித்துவிடும். வண்டி வாடகைக்கு யாரிடம் கடன் வாங்குவது? 1962-க்கு போன் போட்டால் ஊருக்கே வண்டி வருவதை வரவேற்கிறோம். ஆனால் எலும்புக்கு எக்ஸ்ரே வேண்டும், ஆபரேஷன் மேசை வேண்டும், பழகிய கை வேண்டும். கிராம மருந்தகத்து டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி கொடுக்காமல் கைத்திறனை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா?

அதுவரை நாம் செய்ய வேண்டியது: ஒடிந்த காலை இழுத்துப் பார்க்காதீர்கள். புண் இருந்தால் சுத்தத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடுங்கள். பழைய வேட்டியைத் தடிமனாகச் சுற்றி, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுங்கள். ரத்த ஓட்டம் நிற்கும்படி இறுக்காதீர்கள். அதன் பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

அரசே! எங்கள் கோரிக்கைகள்:

1. விருதுநகர் மாவட்டத்திலேயே கால்நடைகளுக்கு எக்ஸ்ரே, ஆபரேஷன், கம்பிக்கட்டு வசதியை ஏற்பாடு செய்!
2. மாவட்டக் கால்நடை டாக்டர்களுக்கு இதில் பயிற்சி கொடு!
3. சிறு, குறு விவசாயிகளுக்குக் கம்பியையும் மருந்தையும் இலவசமாகக் கொடு!
4. அடிபட்ட மாட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி கொடு!

கிராமசபையில் தீர்மானம் போடுவோம். கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஊருக்கு ஒரு மனுவாகக் கொடுப்போம். கட்சி பார்க்காமல், சாதி பார்க்காமல் திரண்டு வாருங்கள்!

ஒடிந்தது மாட்டுக் கால்தான். விவசாயியின் முதுகெலும்பை ஒடிய விடமாட்டோம்!

போராடுவோம்! வெற்றி பெறுவோம்!