நிற்க இடம் கொடு, பிறகு சிலை வை!

தோழர்களே!

தூரிகை பிடிப்பவர்களே, பாரதக் கூத்துக் கட்டுபவர்களே, பறையும் டப்பும் முழக்குபவர்களே, காளஹஸ்தியில் கலம்காரி எழுதுபவர்களே, மாதவமாலாவில் மரம் செதுக்குபவர்களே, பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டி நிறுத்துபவர்களே, கல்லூரிப் பிள்ளைகளே! சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிற உங்கள் எல்லோரையும் ஒரே கேள்விக்காகக் கூப்பிடுகிறோம். நம் ஊரில் ஒரு சிலை எங்கே நிற்க வேண்டும், ஓர் ஓவியம் எந்தச் சுவரில் ஏற வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

இதுவரை நம்மை யாரும் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டார்கள், நாமாகப் போய் வாசலில் நின்றாலொழிய.

ஏன் இப்போதே என்கிறீர்களா? சித்தூர், திருப்பதி மாநகராட்சி மன்றங்கள் 2021 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் ஐந்தாண்டுக் கெடு 2026 மார்ச்சு. கெடு முடிந்து அடுத்த மன்றம் உட்காரும்வரை கையெழுத்துப் போடும் பேனா தனி அலுவலர் கையில்தான். கேள்வி கேட்க கார்ப்பரேட்டர் இல்லாத நாட்களில் கோப்பு வேகமாக ஓடும். அடுத்து வருகிற மன்றமோ ஐந்து வருடத்துக்கான பட்டியலோடு வந்து உட்காரும். அந்தப் பட்டியல் எழுதப்படுவதற்கு முன்னால் நம் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

அழகு என்ற பெயரில் நடப்பது என்ன?

நகர மேம்பாடு என்று எந்தத் திட்டம் வந்தாலும் அதன் ஓரத்தில் ‘அழகுபடுத்தல்’ என்று ஒரு வரி இருக்கும். எந்தச் சிலை, யார் சிலை, எவ்வளவு உயரம் என்று சண்டை நடக்கும். பத்திரிகையும் அதையே எழுதும். எங்கே என்பது மட்டும் சத்தமில்லாமல் ஏற்கெனவே முடிந்திருக்கும். நாற்சந்தியின் நடுத்தீவு, டிவைடர், மேம்பாலத் தூண், அரசு அலுவலகக் காம்பவுண்டுச் சுவர். அங்கே யாரையும் கேட்க வேண்டாம், நிலம் வாங்க வேண்டாம், காரில் போகிற பெரியவர்கள் கண்ணில் படும். ஜனங்கள் நின்று பார்க்க முடியுமா என்று கேட்பதற்கு அந்தக் கோப்பில் இடமே இல்லை.

இதற்குள்ளே ஒரு சட்டச் சங்கதி இருக்கிறது, கவனியுங்கள். கேரளத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஒரு தலைவருக்குச் சிலை வைக்கும் விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2013 ஜனவரி 18 அன்று நீதிமன்றம் சொன்னது: பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் இனிமேல் சிலை வைக்க மாநில அரசு அனுமதி தரக்கூடாது. நல்ல உத்தரவு. நடைபாதை நடப்பவனுக்கு என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அதே உத்தரவில் விதிவிலக்கும் உண்டு: தெருவிளக்கு, போக்குவரத்து ஏற்பாடு, சாலைகளை மேம்படுத்தி அழகுபடுத்தும் வேலைகள் ஆகியவற்றுக்குத் தடை பொருந்தாது. முன்வாசலில் போட்ட பூட்டுக்குப் பின்வாசலில் சாவி தொங்குகிறது. அந்தச் சாவி எப்போதும் அதிகாரியின் இடுப்பில்தான் இருக்க வேண்டுமா?

திருப்பதியைப் பாருங்கள்

2016 செப்டம்பரில் திருப்பதி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. கருட வாரதி என்று தொடங்கி சீனிவாச சேது என்று பெயர் மாறிய மேம்பாலம் 2023 செப்டம்பரில் முழுதாகத் திறந்தது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம், அறுநூறு கோடிக்கும் மேல் செலவு, அதில் பெரும்பங்கு திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பணம். பாலத்தின் மேலே பஸ் பறக்கிறது. கீழே? வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏழு கிலோமீட்டர் நிழல் விழுந்து கிடக்கிறது! மழைக்கும் ஒதுங்கலாம், கூத்தும் ஆடலாம், ஓவியமும் நிலைக்கும். அந்த நிழலை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கொர்லகுண்டாவிலோ ஜீவகோனாவிலோ ஒரு வார்டுக் கூட்டம் போட்டு யாராவது கேட்டார்களா?

திருமலைக்கு அன்றாடம் அறுபது எழுபதாயிரம் பேர் வந்து போகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு ஊர் அழகாக இருக்கட்டும், நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் 2011 கணக்குப்படியே 2 லட்சத்து 87 ஆயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். லட்டு சுமக்கிறவர்கள், சத்திரம் பெருக்குகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள். யாத்திரீகன் போகும் வழியில் மட்டும் வர்ணம், குடியிருப்பவன் தெருவில் சாக்கடை என்றால், அது விருந்தாளிக்குக் காட்டும் முகப்பூச்சு.

ஊருக்குத் தெரியாத வித்தையா இது?

இடம் குறிப்பது நிபுணர் வேலை, உங்களுக்குத் தெரியாது என்பார்கள். தோழர்களே, சிரியுங்கள்!

சித்தூர்ச் சீமையில் தர்மராஜா கோயில் இருக்கும் ஊரெல்லாம் பாரதம் நடக்கிறது. பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் எங்கே நடப்பட்டிருக்கிறது? நாலு பக்கத்திலிருந்து வருகிறவனுக்கும் தெரிகிற மைதானத்தில். படுகளத்துத் துரியோதனனை மண்ணால் எங்கே படுக்க வைக்கிறார்கள்? சுற்றிலும் ஊரே நிற்கக்கூடிய திறந்த வெளியில். கிழவிக்கு உட்கார இடம், குழந்தைக்கு ஏறிப் பார்க்கத் திண்ணை, கூத்தாடிக்கு ஓடித் திரும்ப வழி, எல்லாம் அளந்து வைத்தது யார்? கன்சல்டன்சி கம்பெனியா?

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையை நினையுங்கள். மே மாத வெயிலில் பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், மாதங்கி வேஷம் என்று ஒரு வாரம் தெருவே அரங்கம். கடைசி இரவில் கோயில் முன்னே களிமண்ணால் விசுவரூபக் கங்கம்மா எழுகிறாள். விடிந்ததும் கலைக்கப்பட்டு, அவள் மண் பிரசாதமாக வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது. பொதுக்கலை என்றால் வெண்கலம் வார்த்து வேலி போட்டால்தானா? ஒரே இரவுக்கு நிற்கிற கலைக்கும் நகரத்தில் நிரந்தர இடம் வேண்டும். அந்த மைதானங்கள் பார்க்கிங் ஆகாமல் காப்பதும் நம் கோரிக்கைதான்.

இடம் தவறினால்

சென்னைக் கடற்கரைச் சாலைச் சந்திப்பில் 2006இல் சிவாஜி கணேசன் சிலை வைத்தார்கள். அந்த நடிகர் மேல் யாருக்கு மரியாதை இல்லை? ஆனாலும் சாலையில் வருகிற வண்டியை மறைக்கிறது என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் எடுக்கச் சொன்னது. 2017 ஆகஸ்டில் இரவோடு இரவாகப் பெயர்த்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்பில் குறை இல்லை, அளவெடுப்பதில்தான் குறை.

நியூயார்க்கிலும் இதே கதை. ரிச்சர்டு செர்ரா உலகம் மதிக்கும் சிற்பி. 1981இல் அரசு அலுவலகங்களுக்கு நடுவே இருந்த சதுக்கத்தில் 36 மீட்டர் நீள எஃகுச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அங்கே வேலை செய்கிறவர்கள் அன்றாடம் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. மனுப் போட்டார்கள், விசாரணை நடந்தது, 1989இல் அறுத்து எடுத்துப் போனார்கள். வேலைக்காரனை முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் கலையும் பிழைத்திருக்கும்.

இடம் பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி சென்னை மெரினாவில் உண்டு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். அந்தக் கடற்கரையில்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையைப் புரட்டும் நாலு பேர். சுற்றிலும் நிற்கலாம், உட்காரலாம், கூடலாம். அதனால்தான் இன்றைக்கும் மே தினத்துக்கு மாலை அங்கே போகிறது.

நம் ஊரிலும் அப்படி இடங்கள் உண்டு. ஏரிக்கரை உடையாமல் காக்க உயிர் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி ‘முசலம்ம மரணமு’ எழுதிய கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி சித்தூர்க்காரர். அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட கட்டமஞ்சியில் ஏரி இருக்கிறது. அந்தக் கரையில் நிற்க வேண்டிய சிற்பத்தை நெடுஞ்சாலை டிவைடரில் தேடாதீர்கள்! 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதித் தெருக்களில் ஏரித் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஏறிய உயரத்தை அந்தந்தத் தெருமுனையில் ஓவியமாகக் குறித்து வையுங்கள். அடுத்த லேஅவுட் போடுகிறவன் அதைப் பார்த்துத் தயங்கட்டும்.

“சோறு தண்ணிக்கே வழியில்லை, ஓவியம் ஒரு கேடா?” என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் எப்படியும் செலவாகிறது, நாம் விலகி நின்றாலும் செலவாகும். அழகுபடுத்துகிறோம் என்று சொல்லித்தான் தள்ளுவண்டியைத் தூக்குகிறார்கள். இடத்தைப் பற்றிப் பேசாதவன் கடைசியில் தன் இடத்தையே இழப்பான். ஆகவே இது சோற்றுப் பிரச்சினையும்கூட.

நம் கோரிக்கைகள்

1. டெண்டருக்கு முன் இடம். எந்தக் கலை வேலைக்கும் இடப்பட்டியல் முதலில் வெளியாக வேண்டும். அதே இடத்தில் தெலுங்கிலும் தமிழிலும் பலகை வைத்து, 30 நாள் ஆட்சேபம் கேட்டு, வார்டுக் கூட்டம் அந்தத் தெருவிலேயே நடக்க வேண்டும்.

2. நான்கு சோதனை. நின்று பார்க்க இடம் உண்டா? நிழல் உண்டா? ஓட்டுநர் கண்ணையும் நடப்பவர் வழியையும் மறைக்காமல் இருக்கிறதா? தண்ணீர் ஓடும் வழியை விட்டு விலகி இருக்கிறதா? ஒன்றில் தோற்றாலும் அந்த இடம் வேண்டாம்.

3. பொருளுக்கு ஏற்ற இடம். கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியில் கையால் எழுதும் கலம்காரியை பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தூணில் ஒட்டாதே. அசல் துணியை பஸ் ஸ்டாண்டு காத்திருப்புக் கூடத்திலும் ரூயா ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வை. வெளியே வெயிலுக்குக் கல் இருக்கிறது, கல் செதுக்கத் தெரிந்த பிள்ளைகள் தேவஸ்தானத்தின் சிற்பப் பள்ளியிலேயே இருக்கிறார்கள். மேற்குப் பார்த்த சுவரில் வர்ணம் சீக்கிரம் வெளுக்கும், ஈரம் ஏறிய அடிச்சுவரில் உப்புப் பூத்து உரியும். சுவரைத் தட்டிப் பார்க்காமல் ஓவியரை ஏணியில் ஏற்றாதே.

4. வியாபாரியை விரட்டாதே. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீசு இல்லாமல் யாரையும் அப்புறப்படுத்த முடியாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாத கலை எங்கள் தெருவில் ஏறாது.

5. பாதிப் பணம் குடியிருப்புகளுக்கு. யாத்திரீகர் கால் படாத வார்டுகளுக்குச் செலவில் பாதி போக வேண்டும். கலைஞரின் பெயர் வேலையின் மேலும், நியாயமான கூலி அவர் கையிலும், பராமரிப்புக்குத் தனித் தொகை பட்ஜெட்டிலும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பிச்சை கேட்பதா? இல்லை. அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை, 13ஆம் வரிசை: பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்த அம்சங்களை வளர்ப்பது நகராட்சிகளுக்கு உரிய காரியம். எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதைச் செய்யச் சொல்கிறோம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

வார்டுக்கு ஐந்து பேர் கிளம்புங்கள். அதில் ஒரு பெண், ஒரு வியாபாரி, ஒரு துப்புரவுத் தொழிலாளி கட்டாயம். காலையில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை நடங்கள். ஜனங்கள் எங்கே காத்திருக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். ரேஷன் கடை வாசல், பள்ளிக்கூட கேட், ரயித்து பஜார், ஆஸ்பத்திரிப் பந்தல். அதுதான் நம் வரைபடம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் அழகுபடுத்த எந்தெந்த இடம், தேர்ந்தெடுத்தது யார், செலவு எவ்வளவு, ஓவியருக்கும் சிற்பிக்கும் கொடுத்தது எவ்வளவு? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் நாளுக்குத் தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். வரைபடத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் இந்த ஐந்து கோரிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போடாதவர் பெயரைத் தெருமுனையில் எழுதி வையுங்கள்.

நோட்டீசு தெலுங்கிலும் தமிழிலும் போகட்டும். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாம் ஆந்திரப் பக்கம் இருந்தோம். எல்லைக்கோடு சர்க்கார் வரைந்தது. தெரு நாம் எல்லோரும் சேர்ந்து நடந்து போட்டது. கங்கம்மா ஜாத்திரையில் யாரும் மொழி கேட்டு வேஷம் கொடுப்பதில்லை.

2022 மே மாதம் ரயில்வே அமைச்சர் திருப்பதி நிலையத்தின் புதிய வரைபடத்தை வெளியிட்டபோது, இது ஐ.டி. கம்பெனிக் கட்டடம் மாதிரி இருக்கிறதே, நம் ஊர் முகம் எங்கே என்று ஜனங்கள் கேட்டார்கள். கேட்கத் தெரிந்த ஊர்தான் இது. அன்று செல்போனில் கேட்டோம். இன்று தெருவில் நின்று கேட்போம்.

தோழர்களே, நோட்டை எடுங்கள், வார்டில் இறங்குங்கள், இடத்தைக் குறியுங்கள்!

நிற்க இடம் கொடு, பிறகு சிலை வை!
தெருவைக் கேள், பிறகு டெண்டர் விடு!
நம் ஊரின் இடம் நம் ஊரின் முடிவு!