கருவியை அணைத்துவிட்டுக் கேட்ட கேள்வி

நடுக்குவாதத்திற்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சை குறித்து நாம் வாசிக்கும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் அற்புதக் காட்சியோடு நின்றுவிடுகின்றன. கருவி இயங்கத் தொடங்கியதும் ஆடிக்கொண்டிருந்த கை அடங்குகிறது. தேநீர் சிந்தாமல் உதட்டை எட்டுகிறது. காட்சி பொய்யன்று. ஆனால் அடங்கிய கைக்கு உரியவர் என்ன ஆனார் என்று எவரும் கேட்பதில்லை.

இந்நோயை 1817இல் ஆறு பேரைக் கொண்டு விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி! மூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் மடிவதே நோயின் அடிப்படை. 1960களில் வந்த லெவோடோபா மாத்திரை பெரும்பேறாயிற்று. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் நேரம் குறுகும், உடல் தன் வசமின்றி நெளியும். அறுவை மருத்துவர்கள் தாலமஸின் ஒரு சிறு பகுதியைச் சுட்டழித்தும் நடுக்கத்தை அடக்கிவந்தனர். சுடுமுன் இடம் சரிதானா என அறிய மின்துடிப்புச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம்-லூயி பெனாபிட், துடிப்பை நொடிக்கு ஏறத்தாழ நூறாக உயர்த்தியபோது, எதையும் அழிக்காமலே நடுக்கம் நின்றதைக் கண்டார். மின்முனையை அங்கேயே விட்டு, காறை எலும்பின் கீழ் மின்கலத்தைப் புதைக்கும் முறை இவ்வாறு பிறந்தது. வேண்டாமெனில் அணைத்துவிடலாம் என்பதே இதன் தனிச்சிறப்பாகப் பேசப்படுகிறது.

அந்தச் சிறப்பே ஒரு மனிதரைப் பொறியில் நிறுத்திய கதை நெதர்லாந்தில் நிகழ்ந்தது. அந்நாட்டு மருத்துவ இதழொன்றில் 2004இல் பதிவாகியுள்ளது. நோயாளிக்கு வயது 62. பின்னாளில் மருத்துவர்கள் பெரிதும் நாடிய இடம் தாலமஸுக்குக் கீழுள்ள சிறியதொரு நரம்பணுத் திரள். அவருக்கும் அங்கேதான் மின்முனை. அசைவை ஆளும் இழைகளும் உணர்ச்சியை ஆளும் இழைகளும் அவ்விடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. கருவி இயங்கியபோது உடல் தேறியது, மனமோ கட்டவிழ்ந்தது. தன்னைப் பெரியோனாக எண்ணிக் கடனில் மூழ்கினார். மருந்தாலும் மின்னளவை மாற்றியும் பயனில்லை. கருவியை அணைத்தால் தெளிவு வரும், ஆனால் படுக்கையோடு முதியோர் மருத்துவ இல்லம். இயக்கினால் நடக்கலாம், ஆனால் மனநல மருத்துவமனை. எது வேண்டும் என்று, கருவியை அணைத்து அறிவு தெளிந்திருந்த வேளையில் அவரிடமே கேட்டனர். மனநல மருத்துவமனையைத் தேர்ந்தார்.

கேட்ட முறை சட்டத்திற்குப் பொருந்துவதே. ஆனால் தேர்ந்தவர் ஒருவர், அங்கே போய் வாழ்ந்தவர் மற்றொருவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. இதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்பது பேதைமை. இத்தகைய நிலை அரிது, நடுக்குவாத மாத்திரைகளுள் சிலவும் மனிதரைச் சூதாட்டத்தில் தள்ளியதுண்டு. நாம் வேண்டுவது இந்தக் கேள்வி அறுவைக்கு முன்பே, குடும்பத்தார் உடனிருக்க, கேட்கப்படவேண்டும் என்பதே. பாரிஸில் 29 நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். உடலசைவு நன்கு தேறியிருந்தும், முன்பு பணியிலிருந்த 16 பேருள் 9 பேரே பணிக்குத் திரும்பினர். இல்லறங்கள் பல குலைந்தன. நோயாளியாக இருந்தே பழகியவருக்கும், அவரைப் பேணியே பழகிய துணைக்கும், திடீரென வந்த நலம் புதியதொரு சுமையாயிற்று. மில்லிமீட்டர் கணக்கில் மூளையை அளப்போர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா?

பேச்சு மற்றொன்று. கை தேறியபின் நாக் குழறுவோர் உண்டு. சொற்கள் முன்போல் விரைந்து வாராமையும் உண்டு. வகுப்பில் பேசிப் பிழைக்கும் நம் போன்றோர்க்கு இது சிறு இழப்பன்று. மின்னளவைக் குறைத்தால் சிலருக்கு நாத் தெளியும், கை ஆடும். எந்த நாளில் எது வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். மருத்துவர் வகுத்த எல்லைக்குள் மின்னளவைத் தாமே மாற்றிக்கொள்ளும் கைக்கருவி இன்று இருக்கிறது. அதைக் கொடுத்தனுப்புவதற்கு முன் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் போதும்.