வெல்டிங் புகையும் எங்கள் பிள்ளைகளும்

ஆசிரியருக்கு,

என் பெறாமகன் சுன்னாகத்தில் ஒரு வெல்டிங் கடையில் கேற்றும் கிறிலும் ஒட்டுகிறான். கல்வனைஸ் குழாய் ஒட்டிய நாள்களில் இரவு குளிரும் காய்ச்சலும் வரும். ஒன்றிரண்டு நாளில் சுகமாகிவிடும். நாங்களும் மல்லித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தோம். அது நாகப் புகைக் காய்ச்சல் என்று பிறகுதான் அறிந்தோம். வேலையில் போடும் கறுப்புக் கண்ணாடி கண்ணைத்தான் காக்கும். புகையில் உள்ள, ஒரு மைக்ரோனிலும் சிறிய துகளை முகத்தில் கட்டும் லேஞ்சி தடுக்காது. அந்தத் துகள் நெஞ்சின் அடிவரை இறங்கும். 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் பிரிவில் சேர்த்தது. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தீங்கான புகையை அகற்றச் சொல்கிறது. அது நடக்கிறதா என்று பார்க்கத் தொழில் திணைக்கள அதிகாரிகள் தகரக் கொட்டில் கடைகளுக்கும் வரவேண்டும். புகைக்கு மேல் தலை குனியாதே என்று பயிற்சி நிலையங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கட்டும்.

ஒரு வாசகி,
சுன்னாகம்