மூலிகைச் சோப்பும் ஓர் அமானிதமே



எங்கள் மக்தபில் ஒன்பது வயது மாணவி ஒருத்தி உளூச் செய்யும்போது முழங்கைவரை நீரைச் சேர்க்காமல் விரைந்து முடிப்பதைக் கண்டு இருமுறை கண்டித்தேன். மூன்றாம் முறை அவள் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். தோல் சிவந்து வெடித்திருந்தது. தண்ணீர் பட்டாலே எரிகின்றது என்றாள். காரணத்தைக் கேட்காமல் கண்டித்தது என் தவறு.

அவளுடைய உம்மாவிடம் விசாரித்தேன். "கெமிக்கலே இல்லாதது" என்று வாட்ஸ்அப்பில் விற்கப்பட்ட மூலிகைச் சோப்பை வாங்கி, பிள்ளையின் கைகளில் ஒவ்வோர் உளூவுக்கும் தேய்த்து வந்திருக்கிறார். உளூவுக்குத் தூய நீர் போதும். சோப்பு அதன் ஃபர்ளும் அன்று, ஸுன்னத்தும் அன்று. இதை நாமே தெளிவாகக் கற்பிக்கவில்லையோ என்று தோன்றியது.

அந்த விளம்பர வாசகம்தான் என்னை எழுதத் தூண்டியது. காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெய் கட்டிச் சோப்பாக மாறாது. அளவு சரியாக இருந்தால் அந்தக் காரம் எண்ணெயுடன் வினைபுரிந்து தீர்ந்துவிடும். மிகுந்தால் சோப்பிலேயே தங்கித் தோலை அரிக்கும். ஆகவே "கெமிக்கல் இல்லை" என்பவர், ஒன்று தம் தொழிலை அறியாதவர், அல்லது அறிந்தே மறைப்பவர்.

நானும் வீட்டில் சோப்புச் செய்பவன்தான். ஆலிவ் எண்ணெய் 800 கிராம், தேங்காய் எண்ணெய் 200 கிராம் எடுத்தால், அவற்றை முழுமையாகச் சோப்பாக்க ஏறக்குறைய 145 கிராம் தூய காஸ்டிக் சோடா வேண்டும். நான் 133 கிராம்தான் சேர்ப்பேன். சோப்பாகாமல் எஞ்சும் அந்தச் சிறிதளவு எண்ணெயே தோலுக்கு இதம். தேங்காய் எண்ணெய் கூடினால் நுரை பெருகும், வறட்சியும் பெருகும். கரண்டிக் கணக்கு உதவாது, தராசு வேண்டும். 270 கிராம் நீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டே தொடங்குவேன். வார்த்த கட்டிகள் நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் காயவேண்டும்.

மூலிகை? நிழலில் நன்கு உலர்ந்த வேப்பிலையை ஆலிவ் எண்ணெயில் நான்கு வாரம் ஊறவைத்து வடிகட்டுகிறேன். ஈர இலை எண்ணெயைக் கெடுத்துவிடும். ஆனால் காரத்தைத் தாண்டி அந்த இலையின் குணம் எவ்வளவு மிஞ்சும் என்று நான் உறுதியளிக்க மாட்டேன். மென்மை வருவது எண்ணெயாலும் அளவாலுமே. மேலைநாட்டுக் குறிப்புகளில் வரும் காலெண்டுலாவுக்குப் பதிலாக நம் மாலைச் சாமந்தியை இடுவோர் உள்ளனர். அது வேறு செடி, சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

பலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்தார் ஆலிவ் எண்ணெய், நீர், காரம் ஆகிய மூன்றைக் கொண்டே தலைமுறைகளாகச் சோப்புச் செய்கின்றனர். 2024இல் யுனெஸ்கோ அக்கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மூலிகையே இல்லை.

வீட்டுச் சோப்பில் எனக்குப் பிடித்த மற்றொன்று, கொழுப்பைப் பற்றிய ஐயம் எழாமை. நஜீஸான கொழுப்பு சோப்பாக மாறினால் தூய்மையாகும் என்பது ஹனஃபி ஃபிக்ஹில் உள்ள தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் அம்மாற்றம் ஏற்கப்படுவதில்லை. தாவர எண்ணெயில் இக்கேள்வியே எழாது.

நம் சகோதரிகள் பலர் இத்தொழிலால் ஹலாலான வருவாய் ஈட்டுகின்றனர். அதை நான் மதிக்கிறேன். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நாம் பாடமாக நடத்துகிறோம். அந்த ஈரத்துக்கும், உறையில் எழுதப்படாத காரத்துக்கும் என்ன வேறுபாடு? சேர்ந்த பொருள் அனைத்தையும், வார்த்த நாளையும் எழுதி ஒட்டுங்கள். "எக்ஸிமா குணமாகும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். முறையாகச் செய்த சோப்பும் காரத்தன்மை உடையதே. வெடித்த தோலுக்கு அதுவும் ஆகாது.

அம்மாணவி இப்போது தோல் மருத்துவரின் களிம்பைப் பூசுகிறாள். என் சோப்பில் ஒரு கட்டி தருமாறு அவளுடைய உம்மா கேட்டார். புண் ஆறி, மருத்துவரும் சரி என்று சொல்லட்டும், பிறகு இன்ஷா அல்லாஹ் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.