நாடி பார்க்கலாம், நாடாளக் கூடாதா?

ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களில் 2025 ஆகஸ்ட் 31 அன்று குடியேற்றத்துக்கு எதிரான பேரணிகள் நடந்தன. நூறு ஆண்டுகளில் வந்த கிரேக்கர்களையும் இத்தாலியர்களையும்விட ஐந்தே ஆண்டுகளில் வந்த இந்தியர்கள் அதிகம் என்று அவற்றுக்கான துண்டறிக்கை பிரச்சாரம் செய்தது. மூன்று நாள் கழித்து, எதிர்க்கட்சி செனட்டர் ஜெசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தங்களுக்கு வாக்களிப்பார்கள் என்பதால்தான் ஆளும் லேபர் கட்சி இந்தியர்களை நாட்டுக்குள் விடுகிறது என்ற பொருள்படப் பேசினார். பிறகு விளக்கம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். அப்போதைய கட்சித் தலைவர் சூசன் லீயின் தலைமையை ஆதரித்துச் சொல்லவும் மறுத்த பிறகு, செப்டம்பர் 10 அன்று நிழல் அமைச்சர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

அத்தோடு விவகாரம் முடிந்ததாக ஊடகங்கள் எழுதின. முடியவில்லை. ஒரு செனட்டர் வாய்தவறிப் பேசினாரா, வேண்டுமென்றே பேசினாரா என்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள். வெளியிலிருந்து வந்தவர் வேலை செய்யலாம், வரி கட்டலாம், வாக்கும் போடலாம். ஆனால் சட்டம் இயற்றும் அவைக்குள் நுழைய வந்தால் அவர் விசுவாசம் சந்தேகத்துக்கு உரியது என்ற எண்ணத்தை ஆஸ்திரேலியா தன் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்த எண்ணம் யாரை அதிகம் காயப்படுத்துகிறது என்று பார்த்தால், முதல் வரிசையில் நிற்பவர்கள் குடியேறிய மருத்துவர்கள்.

செனட்டர் மிஷெல் ஆனந்தராஜாவின் கதையை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். பிரிட்டனில் பிறந்து, ஜாம்பியாவில் வளர்ந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தவர். மெல்பர்னின் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் பொது மருத்துவமும் தொற்றுநோய் மருத்துவமும் பார்த்தவர். கரோனாவின் முதல் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. நோய் காற்றில் பரவுகிறது, ஊழியர்களுக்கு என்95 முகக்கவசம் கொடுங்கள், அது முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்துக் கொடுங்கள் என்று அவர் சக மருத்துவர்களைத் திரட்டிக் குரல் கொடுத்தார். அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது அந்தப் போராட்டம்தான்.

2022 தேர்தலில் அவர் லேபர் கட்சி வேட்பாளராக நின்ற ஹிக்கின்ஸ் தொகுதி, 1949இல் உருவானது முதல் லிபரல் கட்சியின் கோட்டை. ஹரால்ட் ஹோல்ட், ஜான் கார்ட்டன் என்று இரண்டு பிரதமர்களையும், பீட்டர் காஸ்டெல்லோ என்ற நீண்டகால நிதியமைச்சரையும் டெல்லிக்கு நிகரான கான்பெராவுக்கு அனுப்பிய தொகுதி. அப்போது அதன் உறுப்பினராக இருந்த கேட்டி ஆலனும் ஒரு குழந்தை மருத்துவர். மருத்துவரும் மருத்துவரும் மோதிய களத்தில் ஆனந்தராஜா வென்றார். அந்தத் தொகுதியில் வென்ற முதல் லேபர் வேட்பாளர் அவர். கடைசி உறுப்பினரும் அவரே. தொகுதி மறுசீரமைப்பில் ஹிக்கின்ஸ் கலைக்கப்பட்டது. 2025இல் விக்டோரியாவின் செனட் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நிறுத்தப்பட்டு, அந்த இடத்தையும் வென்றார்.

இவரைக் காட்டி, “பாருங்கள், கதவு திறந்துதானே இருக்கிறது” என்கிறார்கள். கதவின் பூட்டை அவர்கள் பார்ப்பதே இல்லை.

பூட்டின் பெயர் அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. வேறொரு நாட்டின் குடிமகனாக இருப்பவரும், அந்த நாட்டுக் குடிமகனின் உரிமைகளையோ சலுகைகளையோ பெறத் தகுதியுள்ளவரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. வேட்பாளர் தான் பிறந்த இடத்தை மட்டும் சொன்னால் போதாது. பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த இடங்களையும் படிவத்தில் எழுத வேண்டும். பிரிட்டன், இலங்கை, ஜாம்பியா என்று மூன்று நாடுகளின் சுவடு உள்ள ஒருவருக்கு அந்தப் படிவம் எத்தனை வழக்கறிஞர்களின் வாசலைக் காட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஈரானில் பிறந்த முன்னாள் செனட்டர் சாம் தாஸ்தியாரி, ஈரானியக் குடியுரிமையைத் துறக்க மட்டும் சுமார் 25,000 டாலர் செலவழித்தார்.

இந்தப் பிரிவு எழுதப்பட்ட காலத்தில் பிரிட்டன் ‘அந்நிய நாடு’ அல்ல. 1901இல் ஆஸ்திரேலியர், பிரிட்டிஷார், இந்தியர் எல்லோருமே ஒரே முடியின் பிரஜைகள். ஆனால், மறு ஆண்டே வந்த வாக்குரிமைச் சட்டம் ஆசிய மண்ணின் மைந்தர்களுக்கு வாக்கில்லை என்றது. ஒரே அரசரின் பிரஜைகளுக்குள் இப்படி ஒரு கோடு கிழிக்கப்பட்டதை எதிர்த்து 1922இல் அங்கே நேரில் போய் வாதாடியவர் ஒரு தமிழர்: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியிருக்கும் இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டார். 1924இல் மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர் மெல்பர்ன் நீதிமன்றத்தில் வாக்குரிமை வழக்கை வென்றார். 1925இல்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து அங்கே குடியிருந்தவர்களுக்காகச் சட்டம் திருத்தப்பட்டது. சாஸ்திரி வாக்குக் கேட்டுப் போய் ஒரு நூற்றாண்டு ஆகிறது. இன்று அவருடைய ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். வேட்புமனு கொடுக்க நினைத்தால் இன்னும் பாட்டி பிறந்த ஊரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

44ஆவது பிரிவின் கொடுமையை முழுதாகப் புரிந்துகொள்ள 1992ஆம் ஆண்டின் ஒரே வழக்கு போதும். முன்னாள் பிரதமர் பாப் ஹாக் விலகியதால் காலியான வில்ஸ் தொகுதியின் இடைத்தேர்தலில் பில் கிளியரி என்ற சுயேச்சை வென்றார். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். ஆனாலும் அரசின் ஊதியப் பதவியில் இருப்பவர் போட்டியிட முடியாது என்ற நான்காவது உட்பிரிவின்படி அவரது வெற்றி செல்லாது என்றது நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட். அதே வழக்கில் கிரேக்கத்தில் பிறந்த லேபர் வேட்பாளர் பில் கர்டாமிட்சிஸும், சுவிட்சர்லாந்தில் பிறந்த லிபரல் வேட்பாளர் ஜான் டெலக்ரெட்டாஸும் முதல் உட்பிரிவின்படி தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். இருவரும் பல்லாண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று உறுதிமொழி எடுத்தவர்கள். பழைய நாட்டிடம் ‘என்னை விடுவித்துவிடு’ என்று எழுதிக் கேட்கவில்லை என்பதே அவர்கள் செய்த குற்றம்.

இப்போது ஒரு பொது மருத்துவமனையில் வேலை பார்க்கும், வெளிநாட்டில் பிறந்த மருத்துவரை இந்த வழக்கில் வைத்துப் பாருங்கள். கர்டாமிட்சிஸுக்கு வைத்த கத்தியும் கிளியரிக்கு வைத்த கத்தியும் அவர் ஒருவர் கழுத்திலேயே விழுகின்றன. ஒருபக்கம் பிறந்த நாட்டைத் துறந்ததற்குச் சான்று வேண்டும். மறுபக்கம், ஆபத்தில்லாமல் நிற்க வேண்டுமென்றால் வெற்றியா தோல்வியா என்று தெரிவதற்கு முன்பே வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். தோற்றால் நோயாளியும் இல்லை, தொகுதியும் இல்லை. பரம்பரைச் சொத்துள்ள வழக்கறிஞருக்கோ, கட்சி அலுவலகத்தில் வளர்ந்த தொழில்முறை அரசியல்வாதிக்கோ இந்தத் தொல்லை கிடையாது.

2017-18இல் இந்தப் பிரிவு நாட்டையே உலுக்கியது. இரட்டைக் குடியுரிமைச் சிக்கலில் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் உள்பட 15 பேர் பதவியிழந்தார்கள் அல்லது விலகினார்கள். செனட்டர் கேட்டி கேலகர் தேர்தலுக்கு முன்பே பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்க மனுக் கொடுத்திருந்தார். பிரிட்டிஷ் உள்துறை அதைப் பதிவு செய்யத் தாமதித்ததால் அவரும் பதவியிழந்தார். அந்தப் பதினைந்து பேரையும் சிக்கவைத்தவை பிரிட்டன், நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளின் குடியுரிமைகளே. இதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் இது ஆசியர்களுக்கு எதிரான பிரிவு இல்லையே’ என்று சிலர் வாதாடுகிறார்கள். அவைக்குள் ஆசியர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், சிக்குவதற்கு? உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வாசலிலேயே திரும்பிப் போனவர்களை எண்ணாமல் விடுவது கணக்காகாது. பதினைந்தில் ஜாய்ஸ், கேலகர், லாரிஸா வாட்டர்ஸ், மால்கம் ராபர்ட்ஸ், ஜாக்கி லாம்பி எனப் பலர் திரும்பவும் நாடாளுமன்றம் வந்துவிட்டார்கள். பெயரும் கட்சிப் பலமும் உள்ளவரை 44 தடுக்கி மட்டுமே விழ வைத்தது. புதிதாக வருபவரை அது வரவே விடுவதில்லை.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியர்களில் 51.5% பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அப்படிப் பிறந்த தாயையோ தந்தையையோ உடையவர்கள். பாதிக்கு மேல்! 2024 ஜூன் நிலவரப்படி இந்தியாவில் பிறந்தவர்கள் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். மருத்துவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வெளிநாட்டில் பயின்றவர். ஒரு தேசத்தின் பாதிப் பேரை வேட்பாளராகும் முன் சந்தேகத்தோடு விசாரிக்கும் சட்டத்தை ஜனநாயகச் சட்டம் என்று எப்படிச் சொல்வது?

மருத்துவர்கள் மீதான சந்தேகம் தேர்தலோடு நிற்பதுமில்லை. வெளிநாட்டில் படித்த மருத்துவர், பொதுவாகப் பத்தாண்டுகள் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் வேலை பார்த்தால்தான் அவருடைய நோயாளிகளுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கிடைக்கும் என்று 1997 முதல் விதி இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் படித்தவர்கள், உள்ளூர் மருத்துவர் போக மறுக்கும் தொலைதூரச் சிற்றூர்களில் இளமையின் பத்து வருடங்களைக் கொடுக்கிறார்கள். 2007இல் பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர் முகமது ஹனீஃப், உறவினருக்குக் கொடுத்த ஒரு சிம் கார்டுக்காகப் பயங்கரவாத சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, குற்றச்சாட்டே பதியாமல் 12 நாள் காவலில் வைக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று பின்னர் விசாரணை சொன்னது. அரசு இழப்பீடும் கொடுத்தது. மருத்துவரின் கைகள் வேண்டும், அவருடைய குரல் வேண்டாம் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான செய்தி.

அயர்லாந்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த மூஸாஜி பாம்ஜி, டப்ளினில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் மருத்துவம் படிக்கப் போனார். கிளேர் மாவட்டத்தில் மனநல மருத்துவரானார். 1992இல் லேபர் கட்சி வேட்பாளராக நின்று வென்று, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். கிளேர் சாதாரணத் தொகுதி அல்ல. அயர்லாந்து விடுதலைப் போரின் தலைவர் டி வலேராவைப் பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்த மண். தேசியவாதத்தின் அந்தத் தலைவாசலில் கத்தோலிக்க விவசாயிகள் ஒரு தென்னாப்பிரிக்க இந்தியருக்கு வாக்களித்தார்கள். அயர்லாந்து அரசமைப்பு வேட்பாளரிடம் கேட்பது அயர்லாந்துக் குடியுரிமையும் 21 வயதும்தான். இன்னொரு நாட்டுக் குடியுரிமை தடையில்லை.

அதே டப்ளின் கல்லூரியில் படித்த இன்னொருவர், டிரினிடாட்டில் பிறந்த ஹெடி ஃப்ரை. கனடாவுக்குக் குடியேறி, வான்கூவரில் குடும்ப மருத்துவராக இருந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவர் சங்கத்தின் தலைவரானார். 1993இல் வான்கூவர் சென்டர் தொகுதியில் அவர் தோற்கடித்தது யாரை? பதவியிலிருந்த பிரதமர் கிம் கேம்பெல்லை. அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை, 2025இலும் வென்றார். கனடாவும் இரட்டைக் குடியுரிமையைத் தடையாக வைக்கவில்லை. ஒரே கல்லூரி, ஒரே தொழில், இரண்டு குடியேறிகள், இரண்டு நாடுகளின் சரித்திரம் மாறியது. கனடாவின் பாதுகாப்பு கெட்டுப்போய்விட்டதா? அயர்லாந்து அந்நியருக்கு அடிமையாகிவிட்டதா? பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம். அங்கே எந்தப் பிரளயமும் வரவில்லை.

“இலங்கையே இரட்டைக் குடியுரிமையாளரைத் தடுக்கிறதே, ஆஸ்திரேலியாவை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான கேள்வி. 2015இல் தடை போட்டு, 2020இல் நீக்கி, 2022இல் திரும்பப் போட்டது இலங்கை. ஒரு குடும்பத்தின் அரசியலை ஒட்டி ஆடிய ஊசலை முன்னுதாரணமாகக் காட்டுபவர்களுக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. “பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டு நிற்க வேண்டியதுதானே” என்பது இன்னொரு வாதம். இந்தியாவில் பிறந்தவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். அவர் கையில் மிச்சமிருப்பது வாக்குரிமைகூட இல்லாத ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை. ‘உரிமைகளையோ சலுகைகளையோ பெறத் தகுதியுள்ளவர்’ என்ற வாசகத்தில் அந்த அட்டையும் சிக்குமா என்ற அச்சத்தோடு அவர் ஏன் வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டும்?

44ஆவது பிரிவைத் திருத்த வேண்டும் என்று 1981, 1988, 1997 ஆகிய ஆண்டுகளிலேயே பரிந்துரைகள் வந்தன. 2018இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் அதையே சொன்னது. அப்போதைய அரசு கைகழுவியது. அதன் பின் வந்ததும் தொடவில்லை. இதுவரை நடந்த 45 பொதுவாக்கெடுப்புகளில் 8 மட்டுமே வென்றிருக்கின்றன, 2023இல் பூர்வகுடியினருக்கான வாக்கெடுப்பும் தோற்றது என்று காரணம் சொல்கிறார்கள். தோல்விக்குப் பயந்து அநீதியைக் காப்பாற்றுவது தலைமை ஆகாது. 150 பேர் கொண்ட கீழவையில் 94 இடங்களை வென்று உட்கார்ந்திருக்கும் பிரதமர் அந்தோனி அல்பனீஸிக்கு, இதைவிட நல்ல காலம் வரப்போவதில்லை.

44ஆவது பிரிவு போனால், அடுத்த பத்தாண்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் முகமே மாறும். அங்குள்ள சுகாதாரக் கொள்கையும் மாறும். ஆஸ்திரேலியத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு அமைச்சர்களை அழைத்துச் சால்வை போர்த்துவதோடு நின்றுவிடக் கூடாது. மேடையிலேயே அவர்களிடம் கேட்க வேண்டும்: பொதுவாக்கெடுப்புக்கு நாள் குறிப்பது எப்போது?