டி.ஜே.க்கு ஒரு பெட்டி வேண்டும்

கல்யாண வரவேற்பு நடக்கிறது. பாட்டு முழங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை.

"கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்" என்று பெண் வீட்டார் ஆள் அனுப்புகிறார்கள். பாட்டுப் போடுகிற டி.ஜே. இளைஞர் திகைக்கிறார். அவர் காதுக்குச் சத்தம் போதவே இல்லை!

குற்றம் அவர் மேல் மட்டும் அல்ல. அவரை நிறுத்திய இடம் அப்படி. ஒலிபெருக்கிப் பெட்டிகள் கூட்டத்தைப் பார்க்கின்றன. அவர் அவற்றின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். கனத்த "தும் தும்" ஓசை நாலு பக்கமும் பரவும். அது அவருக்கும் கேட்கும். பாடகரின் குரலோ பெட்டி பார்க்கும் பக்கம்தான் போகும். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் மிச்சம்தான் அவருக்கு. உப்புப் பார்க்காமல் சமைக்கச் சொன்னால் யார்தான் சமைப்பார்கள்?

அந்த மிச்சமும் தாமதமாக வருகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஆட்டப் பாட்டில் நிமிடத்துக்கு 120 அடி விழும். அதாவது அரை விநாடிக்கு ஓர் அடி. டி.ஜே. அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டு, ஓடும் பாட்டோடு தாளம் சேர்க்கிறார். அவருக்குச் சேர்ந்தது போல் தோன்றும். கூட்டத்துக்கோ இரண்டு மேளமும் ஒன்றையொன்று இடித்துக் கொண்டு ஓடும்.

பரிகாரம் சிறியது. அவர் பக்கத்தில், காது உயரத்தில், அவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஒலிபெருக்கி வேண்டும். இதற்கு மானிட்டர் என்று பெயர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதற்குத் தனித் திருகு இருக்க வேண்டும். பூ அலங்காரத்துக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள் இந்தப் பெட்டியை மட்டும் மறந்து விடுகிறார்கள்.

மானிட்டரையே அலற விடுபவர்களும் உண்டு. பெருஞ்சத்தத்தில் நின்ற காது மரத்துப் போகும். மரத்த காது இன்னும் கேட்கும். கை இன்னும் திருகும். ஆகவே கண்ணையும் நம்ப வேண்டும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாட்டு உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

விருந்தினர் வருமுன் மண்டபத்தின் நடுவே போய் நின்று கேட்க வேண்டும். கூட்டம் நிரம்பிய பின் மறுபடியும் போக வேண்டும். ஆட்களும் அவர்கள் உடுத்திய துணியும் ஓசையைக் குடித்து விடும். ஒரு பாட்டு ஓடும் நேரத்தில் நடந்து திரும்பி விடலாம்.

இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. அது உச்ச வரம்பு. கைக்குழந்தைகள் வருகிற கல்யாணத்தில் அதற்கு வெகு கீழே நிற்பதே நியாயம். பெட்டிக்கு நேர் எதிரே முதல் வரிசை நாற்காலி போடுவதையும் நிறுத்தலாம். மரியாதைக்கு என்று வயதானவர்களை அங்கேதான் உட்கார வைக்கிறார்கள்.