இயைபு என்னும் அதிகாரம்

அமெரிக்கா சென்று திரும்பும் நம் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். புறநகர் வீதியின் இருமருங்கும் ஒரே உயரத்தில் வெட்டிய புல்வெளி, ஒத்த சாயலில் வீடுகள், துணி உலரும் கொடி எங்குமே கண்ணில் படாத முற்றங்கள். 'என்னே இவர்களின் குடிமையுணர்வு' என்றொரு வியப்பு. பிறகு நம் தெருக்களை எண்ணி ஒரு பெருமூச்சு. இலக்கியம் படித்தவர்களே இப்படி எழுதுவதுதான் வேதனை. அவர்கள் வியந்த அழகுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அனுமதிக் குழு அமர்ந்திருக்கிறது.

அந்நாட்டில் இன்று 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு உரிமையாளர் சங்கங்கள் உள்ளன. அவற்றின் ஆளுகைக்குள் வாழ்பவர்கள் 7 கோடிக்கும் அதிகம். விலைகொடுத்து வாங்கிய சொந்த வீட்டின் கதவுக்கு வேறு நிறம் பூசவும், வேலி அடைக்கவும், பின்புறம் ஒரு தாழ்வாரம் இறக்கவும் சங்கத்தின் கட்டடக் குழுவுக்கு வரைபடத்தோடும் நிற மாதிரியோடும் விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சி அனுமதி வேறு. சங்கத்தைக் கேளாமல் செய்தால் அபராதம். கட்டாவிட்டால் அது வீட்டின்மீது கடனாக ஏறும். சில மாநிலங்களில் வீடே ஏலத்துக்குப் போகும் நிலையும் உண்டு.

டாலஸ் புறநகரில் வசிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வாசற்கதவுக்கு மஞ்சள் பூச அனுமதி கேட்டாள். சுற்றுப்புறத்தோடு இயைபில்லை என்று மறுமொழி வந்தது. இயைபு! எத்தொடையும் அமையாத அடிக்கும் செந்தொடை என்று பெயரிட்டு இடமளித்தது நம் யாப்பிலக்கணம். அந்தப் பெருந்தன்மை ஒரு வண்ணப்பூச்சுக் குழுவுக்கு இல்லை.

இவ்வழகியலின் பிறப்பையும் பார்க்க வேண்டும். 1947-இல் நியூயார்க் அருகே லெவிட் நிறுவனம் எழுப்பத் தொடங்கிய லெவிட்டவுனில் வேலி கூடாது, வார இறுதியில் துணி உலர்த்தக் கூடாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்று விதிகள் இருந்தன. அதே ஆவணங்கள் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கவும் தடை விதித்தன. அத்தகைய இனத்தடையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. இனத்தடை செல்லாதாயிற்று, அதைத் தாங்கிநின்ற ஒப்பந்த வடிவம் செழித்தோங்கியது. எல்லா விதியும் இனவெறி என்று நான் சொல்லவில்லை. 'நம் தெருவுக்குப் பொருந்தாதது' என்று ஒன்றைக் குறித்து விலக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றே கேட்கிறேன்.

'கையெழுத்திட்டுத்தானே வாங்கினார்கள்' என்பார்கள். இந்த உடன்படிக்கை மனிதரோடு முடிவதில்லை, நிலத்தோடு செல்கிறது. சோழர் கல்வெட்டில் நிலக்கொடை சந்திராதித்தவல் செல்லும் என்று பொறிப்பார்களே, ஏறக்குறைய அப்படி. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலத்தைக் கூறுபோட்டு விற்ற வணிகர் எழுதிவைத்த விதி, வாங்குபவர் மாறினாலும் பற்றிக்கொள்கிறது. ஒரு சொல்லையும் திருத்த முடியாத ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சம்மதம் உண்மையாயின் சட்டமன்றங்கள் ஏன் இத்தனை முறை குறுக்கிட நேர்ந்தது? கூரையில் சூரியத் தகடு வைக்கக் கலிஃபோர்னியா 1978-இல் சட்டம் இயற்றியது. தொலைக்காட்சித் தட்டு வைக்க 1996-இல் நடுவண் விதி வந்தது. தம் நாட்டின் கொடியைத் தம் வீட்டில் பறக்கவிடும் உரிமைக்குக்கூட 2006-இல் ஒரு சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. வாசலில் சமயச் சின்னம் வைக்க டெக்சஸ் 2011-இல் இடம் தந்தது, மொத்தம் 25 சதுர அங்குலத்துக்குள். அதற்குள் ஒரு மாவிலைத் தோரணம் அடங்குமா? அந்த அளவு வரம்பு நீங்கியது 2021-இல்தான்.

அடுத்து அந்தப் பத்தியை எழுதப்போகிறவர், தம்மை விருந்தினராக ஏற்ற வீட்டாரிடம் சங்க விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எழுதட்டும்.